யுன்-கே ஆலைத் திரைகள் இருண்டது குறித்து கோ யூ-தெங் சொன்னது

முதற்கண் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை கங்ஷான் வட்டாரம் பிங்-ஆன் தெரு முனையில் முட்டைச் சுருள் ரொட்டி கிடைக்காது. சோயாப் பாலும் கிடைக்காது. அவற்றைச் செய்து விற்கும் அம்மையார், பதினெட்டு வயது நிறையாத சாட்சியின் பாதுகாவலர் என்ற முறையில் கடையைச் சாத்திவிட்டு, காவல் நிலையத்தில் என் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இந்தத் தட்டுப்பாடு ஏற்பட்டுள்ளது. இதை எழுத முடியாது என்று விசாரணை அலுவலர் ஷு சொன்னார். சாட்சி சொல்வதைச் சொன்னபடியே பதிய வேண்டும் என்று அவர் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பதை நான் காட்டியதன் பேரில் எழுதினார்.

என் பெயர் கோ யூ-தெங். வயது பதினேழு. தொழிற்கல்விப் பள்ளியில் கணினிப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேற்படி தெருவில் மேற்படி கடையின் மாடியில் தாயார் குவோ ஷு-ஃபென்னுடன் வசித்து வருகிறேன். பள்ளிப் பயிற்சிக்காகக் கடந்த இலையுதிர் காலம் முதல் யுன்-கே திருகாணி ஆலையின் கணினி அறைக்குப் போய் வருகிறேன். அந்த அறையில் இருந்த ஒரே பொறியாளர் ஃபாங் மிங்-சே. அவரை எல்லாரும் ஆ-சே என்பார்கள், நான் ஆ-சே அண்ணா என்பேன்.

ஆலை முதலாளி லாய் குவோ-ஷியுங் கொடுத்த புகாரில் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். வேலையை விட்டுப் போன ஆத்திரத்தில் ஆ-சே அண்ணா வீட்டிலிருந்தபடியே ஆலையின் தரவு இணைப்பை அறுத்தார் என்பது புகார். நிரூபணமானால் அவர் சிறைக்குப் போக நேரிடும் என்று அலுவலர் எனக்கு விளக்கினார். முதலாளி என்னைத் தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். வழியில், "பார்த்ததைச் சொல்லு போதும். அவன் கோவமா இருந்தான்னு சொல்ல மட்டும் மறந்துடாதே" என்றார். மறக்காமல் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆ-சே அண்ணா எப்படிப்பட்டவர் என்று கேட்கப்பட்டது. மெதுவானவர். ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார், அதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். சர்வரின் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப் பொரியை வைத்தால் அது அடங்கி நடக்கும் என்று எங்கள் ஊர்க் கணினி அறைகளில் ஒரு நம்பிக்கை. பொரியை நான் தின்றுவிட்டுப் பொட்டலத்தில் காற்று நிரப்பி ஒட்டி வைத்தேன். காலையில் வந்ததும் அவர் அந்தக் காற்றுக்குத் தலையைத் தாழ்த்துவதை நான் கைபேசியில் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டேன். நல்ல வரவேற்பு.

அதன் பின் நடந்தது இணைப்பு வேலை. எங்கள் முதலாளிக்கு ஆலைக் கணக்கு ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆகவே எண்களை வரைபடமாக்கிக் காட்டும் சர்வரை எங்கள் அறையிலேயே வைத்திருந்தோம். ஏற்றுமதி விற்பனைப் பிரிவினரோ ஆர்டர்களை இணையத்தில், கிளவுடில் உள்ள அட்டவணைகளில் எழுதி வந்தார்கள். ஆக சர்வர் அறையில், தரவு கிளவுடில், முதலாளி கொதிப்பில். இரண்டையும் இணைக்கும்படி ஆ-சே அண்ணாவிடம் உத்தரவானது. கடைசியாக யார் திருத்திய அட்டவணையோ அதுவே ஆலைத் தளத்துப் பெரிய திரைகளில் தானாக வந்து நிற்க வேண்டும், யாரும் பொத்தானைத் தேடக் கூடாது என்பதும் உத்தரவு.

இணைக்கும் முறையின் பெயர் ஓ-ஆத். அலுவலர் கேட்டதால் விளக்குகிறேன். வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்காமல், வாசல் காவலாளியிடம், "இவர் என் சார்பில் உள்ளே போய் என் மேசையைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று சொல்லி வைப்பதைப் போன்றது. சர்வருக்குக் கடவுச்சொல் தெரியாது. யாராவது ஒருவர் தன் கணக்கில் நுழைந்து 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினால், கிளவுட் ஒரு சீட்டைக் கொடுக்கும், சர்வர் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அன்று முதல் அழுத்தியவர் கண்ணுக்கு எது தெரியுமோ அது சர்வருக்கும் தெரியும். தனக்கென்று கண் கிடையாது.

அனுமதி கொடுத்ததும் கிளவுட் நம்மைத் திருப்பி அனுப்ப ஒரு முகவரி வேண்டும். அது இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆ-சே அண்ணா ஒரு பக்கம் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டார். நான் அதை முதல் நாளே பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. அவர் முகம் பார்க்க நன்றாக இருந்தது. முதலாளி தினமும் அறைக்கு வந்து, திரையில் பிழை என்று நிற்கும் சிவப்பு எழுத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, சம்பளம் வாங்கிக்கிட்டுத் தூங்குறியா? இன்னும் எத்தனை தடவை அந்தச் சிவப்பு எழுத்தையே எனக்குக் காட்டுவ?" என்று கேட்பார். ஆ-சே அண்ணா கண்ணாடியைத் துடைப்பார். வாரக் கடைசியில் முதலாளி விற்பனைப் பிரிவினரையும் கூட்டி வந்து நின்றபோது நான் எழுந்து போய், "அண்ணா, கொஞ்சம் நகருங்க" என்று ஒரே ஒரு விசையை அழுத்தினேன். இணைப்பு வந்தது. முதலாளி என் முதுகில் தட்டி, "மீசை முளைக்காத பய. நீ வெக்கப்படணும் மிங்-சே" என்றார். ஆ-சே அண்ணா என்னைப் பார்த்து, "நல்ல கண்ணு உனக்கு" என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கிண்டல் பண்ண வராது, அதனால் அது பாராட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் பின் 'அனுமதி'யை அழுத்தும் கட்டம் வந்தது. ஆலைக்கென்று பொதுவாக ஒரு கணக்கைத் திறந்து அதில்தான் அழுத்த வேண்டும் என்று ஆ-சே அண்ணா சொன்னார். முதலாளி, "அதுக்கு வேற தனியா ஒண்ணு எதுக்கு? ஆர்டரெல்லாம் உனக்குத்தான் தெரியுதே. உன் பேர்ல அழுத்து" என்றார். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி ஆ-சே அண்ணா தன் சொந்தக் கணக்கில் அழுத்தினார். எங்கள் ஊரில் அப்புறம் என்றால் எப்போது என்று அலுவலருக்கே தெரியும். சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கும் பெயர் ஒன்று, கடவுச்சொல் ஒன்று, ஆள் இரண்டு. ஆண்டு இறுதி விருந்துக்குத் திரையில் ஏதாவது வேடிக்கை செய் என்று முதலாளி எனக்குச் சொன்னதால், அந்தக் கடவுச்சொல்லை ஆ-சே அண்ணாவே என் கையில் எழுதிக் கொடுத்தார். "பார்த்து அமுக்குடா" என்றார்.

விருந்து ஞாயிறு மாலை ஆலை முற்றத்தில் கொட்டகை போட்டு நடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆண்டு இறுதி விருந்தில் கோழித்தலை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறதோ அவருக்குப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை இல்லை என்பது பழைய வழக்கம். இது அலுவலருக்கும் தெரியும், என் தாயாருக்கும் தெரியும், நீதிபதி வெளிநாட்டில் படித்தவராக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். இப்போது எந்த முதலாளியும் அப்படிச் செய்வதில்லை, தலையை வெட்டிவிட்டே மேசைக்கு அனுப்புகிறார்கள். நான் அந்தத் தலையைத் திரைக்குக் கொண்டுவந்தேன். எல்லாப் பிரிவின் எண்களையும் சர்வர் கிளவுடிலிருந்து இழுக்கும், மேற்படி கோழி திரையில் வரைந்த கொட்டகையைச் சுற்றிச் சுழலும், யாருடைய எண் மோசமோ அவர் மேசையைப் பார்த்து நிற்கும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். உண்மையில் எண்ணைப் பார்க்கிற கோழி அல்ல. எந்த எண் வந்தாலும் கணினிப் பிரிவில் போய் நிற்கும்படி எழுதியிருந்தேன்.

கோழி சுழன்றது. திருகாணிக்குத் தலை அடிக்கும் பிரிவைப் பார்த்தது, கூச்சல். கணக்குப் பிரிவைப் பார்த்தது, பெண்கள் முகத்தை மூடினார்கள். அதன் பின் ஆ-சே அண்ணாவின் மேசையில் போய் நின்று கொக்கரித்தது. கொக்கரிப்பு என் குரல். கொட்டகை முழுவதும் சிரித்தது. முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்து, "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. கம்ப்யூட்டர் தப்பு சொல்லுமா?" என்றார்.

ஆ-சே அண்ணாவின் மகள் யி-அன் இந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்தவள். கோழி சுழல்வதற்குச் சற்று முன்புதான் குலுக்கலில் விழுந்தவர்களுக்குக் குக்கரும் மின்விசிறியும் கொடுத்திருந்தார்கள். அவள், "அப்பாவுக்கு விழுந்திருக்கு" என்று கத்திக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தாள். முதலாளி சமையல்காரரிடம் கேட்டு, வெட்டிப்போட்ட ஒரு கோழித்தலையைக் கிண்ணத்தில் வைத்து வாங்கி அவள் கையில் கொடுத்தார். அவள் முறைப்படி குனிந்து நன்றி சொன்னாள். சாறு சிந்தாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகக் கடந்து நடந்தாள். ஒவ்வொரு மேசையும் அவளுக்குக் கைதட்டியது.

ஆ-சே அண்ணா எழுந்து, தேநீர்க் கோப்பையை முதலாளியை நோக்கி உயர்த்தி, "இத்தனை வருஷம் வெச்சுக்கிட்டதுக்கு நன்றி, முதலாளி" என்றார். முதலாளியும் சிரித்தபடியே கோப்பையை உயர்த்தினார். அது வேடிக்கை என்று முதலாளியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆ-சே அண்ணாவின் மனைவி மகளின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கப் பார்த்தார், அவள் தரவில்லை. மூவரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். கிண்ணம் நடுவில் இருந்தது.

அவர் கோபமாக இருந்தாரா என்று கேட்கப்பட்டது. கண்ணாடியைத் துடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அவர் வரவில்லை. விலகல் செய்தி முதலாளியின் கைபேசிக்கு வந்தது. அன்று மதிய உணவு இடைவேளையில் ஆலைத் தளத்துத் திரைகள் எல்லாம் இருண்டன. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று தெரியாமல் ஏற்றுமதி நின்றது. நிர்வாகிக் கணக்கு வழியாக அனுமதிச் சீட்டு நீக்கப்பட்டது என்று சர்வர் பதிவில் இருந்தது. முதலாளி அதைப் பார்த்து, "நாய் வீட்டுலருந்தே கடிச்சிருக்கு" என்று சொல்லி அப்போதே காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அதன் பின் நடந்ததை அலுவலர் எனக்குச் சொன்னார். ஆ-சே அண்ணாவின் கைபேசி, கணினி, மகளின் டேப்லெட் ஆகியவற்றைக் கைப்பற்றியிருக்கிறார்கள். தைனானில் ஒரு நிறுவனம் அவரைப் புத்தாண்டுக்குப் பின் வந்து சேரச் சொல்லியிருந்தது, வழக்கு என்றதும் வர வேண்டாம் என்றுவிட்டது. தான் ஒன்றையும் தொடவில்லை என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். இப்போது வெளியே நடையில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது நகர்ந்து வழிவிட்டார்.

இதோடு என் சாட்சியம் முடிந்திருக்க வேண்டும். கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பி வைக்கும்போது அலுவலர், "ஆனாலும் பலே ஆளுதான் இந்த மிங்-சே. வீட்டுல உக்காந்துக்கிட்டே ஒரு ஆலையை நிறுத்திட்டானே. தலை இருக்கு அவனுக்கு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாய்கோட்டை வாரம் முழுவதும் தேடியவர் அவர். "அவரா? அவருக்கு அதெல்லாம் வராது சார். செஞ்சது நான்" என்றேன். தாயார், "வாயை மூடுடா" என்றார். மூடவில்லை. யாரும் இதுவரை கண்டிராத ஒரு நிரலை எழுதி, வெளியிலிருந்து சர்வருக்குள் புகுந்து, நிர்வாகியாக வேடம் போட்டு, சீட்டைக் கிழித்து, தடத்தைத் துடைத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். வகுப்பில் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அதன் பேரில் இணையக் குற்றப் பிரிவிலிருந்து ஓவ் என்ற பெண் அலுவலரை அழைத்தார்கள். அவர் கையில் பாதி குடித்த தேநீருடன் வந்தார். எங்களுக்குள் நடந்த பேச்சு வருமாறு.

"அந்த நிரலைக் காட்டு தம்பி."

"அழிச்சுட்டேன் அக்கா. அதுதானே சாமர்த்தியம்."

"தடத்தைத் துடைச்சேன்னு சொன்ன. ஆனா பதிவுல தடம் இருக்கே."

"அது... வேணும்னேதான் விட்டேன்."

"ஓ." அவர் தேநீரை உறிஞ்சினார். "எங்க ஆபீஸ்லயும் இதே சர்வர்தான். இணைப்புக்குப் பேர் மாத்துற பொத்தானும் சீட்டை நீக்குற பொத்தானும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். எனக்கே ஒருதடவை கை தவறியிருக்கு. உனக்கும் அப்படியா?"

தாயார் தன் நாற்காலியை என்னிடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆகவே இதுவரை சொன்னதில் நிரல் பற்றிய பகுதியை நீக்கிக்கொள்ளக் கேட்கிறேன். நீக்க முடியாது, கீழே திருத்திச் சொல்லலாம் என்றார்கள். சொல்கிறேன்.

நான் எந்த நிரலும் எழுதவில்லை. எழுதத் தெரியாது. விருந்துக்கு மறுநாள் ஆ-சே அண்ணாவின் காலி நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கணக்கின் பெயரில் இருந்த இணைப்புக்குக் 'கோழி' என்று பெயர் வைத்துப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட நினைத்தேன். பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்று அழுத்தினேன். சீட்டு போய்விட்டது. திரும்ப அவர் அழுத்தினால்தான் வரும், அவரைத்தான் முந்தின நாள் அனுப்பிவிட்டிருந்தோம்.

அப்போதே போன் செய்து கேட்டிருக்கலாம். அவர் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். கேட்கவில்லை. யார் அனுமதியாக இருந்தால் என்ன என்று என் சொந்தக் கணக்கில் நுழைந்து நானே 'அனுமதி'யை அழுத்தினேன். சர்வர் என் கண்ணால் பார்க்க ஆரம்பித்தது. என் கணக்கில் ஆர்டர் இல்லை. கடைசியாகத் திருத்தப்பட்ட அட்டவணையைத் தேடி எடுத்து, வரைபடமாக்கி, ஆலைத் தளத்தின் எல்லாத் திரைகளிலும் போட்டது. அது திங்கட்கிழமைதோறும் காலையில் குளியலறைக் கதவோடு நின்று அளந்து நான் எழுதி வருகிற என் உயரம். தலைப்பில் என் முழுப் பெயரும், 'நூற்று எழுபதை நோக்கி' என்ற வாசகமும் இருந்தன. கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை படுத்தே கிடந்தது.

நல்ல வேளையாக உணவு இடைவேளை. தளத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டும் வியட்நாம்காரர் துவான் அண்ணன் மட்டுமே இருந்தார். அவர் வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "வளரவே இல்லையேடா" என்றார். நான் ஓடிப் போய் என் சீட்டையும் நீக்கி, பதிவில் என் பெயர் வந்த வரிகளை மட்டும் அழித்தேன். திரைகள் இருண்டது அப்போதுதான். நிர்வாகி என்று இருந்த வரியை அப்படியே விட்டேன், ஏனெனில் அது யார் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். துவான் அண்ணன் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டேன். உயரத்தைப் பற்றித்தான் கேட்டேன். அவர் சொல்லவில்லை.

ஆ-சே அண்ணா மீது புகார் போனபோது நான் ஏன் பேசவில்லை என்று கேட்கப்பட்டது. பேசினால் எந்தப் பொத்தான் என்று கேட்பார்கள், அதன் பின் எந்தக் கணக்கு என்று கேட்பார்கள், அதன் பின் திரையில் என்ன வந்தது என்று கேட்பார்கள். வேறு காரணம் கிடையாது.

அதன் பின் அலுவலர் ஷு கதவைத் திறந்து, வெளியே இருந்தவரிடம் போகலாம் என்றார். மகளின் டேப்லெட் எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்டார். விடுமுறை முடிந்து மனு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்று பதில் சொல்லப்பட்டது. தைனான் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். அது எங்கள் வேலை இல்லை என்று பதில் சொல்லப்பட்டது. அவர் சரி என்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

மேலே உள்ளதை என் தாயார் முன்னிலையில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். படிக்கும்போது பெண் அலுவலர் ஓவ் ஓர் இடத்தில் வெளியே போய்விட்டு வந்தார். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை, நான் கேட்டும் எதையும் நீக்கவில்லை. சொன்னதெல்லாம் நடந்ததே. நான் மறைக்க நினைத்த உயரம் நூற்று அறுபத்தொன்றரை சென்டிமீட்டர். அது முடியையும் சேர்த்து அளந்தது என்பதையும் ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கோ யூ-தெங்

பாதுகாவலர் (ஒப்பம்) குவோ ஷு-ஃபென்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது: ஷு, விசாரணை அலுவலர்